உலைக்குள் ஆள் உண்டா

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

இன்றைய ஆட்டம் பாதியில் நின்றுபோனது. நானும் என் தங்கை கவிதாவும் என்கூடப் படித்த செல்வமும் மாதம் ஒருமுறை பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டு. கதை சொல்வது நான். இந்த முறை வீடியோ கேம்களில் பார்த்ததையே எடுத்து வைத்தேன். காட்டைத் தின்னும் ஒரு ராட்சத உலை. அதை உடைத்தால் மரங்கள் மறுபடி துளிர்க்கும்.

கவிதா உடனே, "வெடி வச்சிடலாம்" என்றாள். பகடையிலும் அதற்கு வேண்டிய ஆறு விழுந்தது. செல்வம் அதைக் கையால் மூடிக்கொண்டான். அவனுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை.

"மொதல்ல சங்கு ஊதணும். உள்ள போனது எத்தன பேரு, வெளிய வந்தது எத்தன பேருன்னு எண்ணணும். அப்பறம்தான் வெடி."

"டேய், இது வெளாட்டுடா. உள்ள யாரும் இல்ல," என்றேன்.

"அப்ப அந்த உலையில தீ போடுறது யாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னவோ கத்திவிட்டேன். டீயைக்கூடக் குடிக்காமல் செந்துறை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

ஆட்டத்துக்காக நான் வரைந்த படத்தை இப்போது விரித்துப் பார்க்கிறேன். செத்த ஓடை, கருகிய மரம், அதிலிருந்த காலிக் கூடு வரை வரைந்திருக்கிறேன். உலைக்கு ஆள் போய்வர ஒரு வாசல்கூட வைக்கவில்லை.