எங்கள் வீட்டு நான்கு சக்கர வாகனம் குறித்து

அனுப்புநர்:
வீட்டுக் கடன் விண்ணப்பதாரரின் மகள்,
பதினோராம் வகுப்பு மாணவி,
மூன்றாவது மாடி, இடப்பக்க வீடு
(மின்தூக்கி இல்லாத கட்டடம்).

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டுக் கடன் பிரிவு,
வங்கித் தலைமை அலுவலகம்.

பொருள்: எங்களிடம் இல்லாத காரைக் காரணம் காட்டி என் தாயாரின் வீட்டுக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமை – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கிளையின் நிராகரிப்புக் கடிதம். 2. சரிபார்ப்புத் தொலைபேசி அழைப்பின் பதிவு (தங்களிடம் உள்ளது).

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று கிளையில் விசாரித்தேன். "மேல இருக்கவங்களுக்கு எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்கள். நாங்களும் மேலேதான் இருக்கிறோம். மனுவின் சாரமே அதுதான். விவரம் வருமாறு:

1. இந்த மனுவை என் தாயாரே எழுதியிருக்க வேண்டும். அவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். தங்கள் கிளைக்கு வருவதற்காக ஏற்கெனவே விடுப்பு எடுத்துவிட்டார். மறுபடி கேட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். ஆகவே அவருக்குப் பதிலாக நான் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, சில வரிகளை அடித்துவிட்டு, கீழே கையொப்பமிட்டுள்ளார். அடிக்கப்பட்ட வரிகள் தங்கள் வங்கியின் நலன் கருதி அடிக்கப்பட்டவை. பள்ளியில் என் மீது புகார்கள் எழுதப்பட்டதுண்டு. நானே ஒன்று எழுதுவது இதுவே முதல் தடவை என்பதால் பிழை இருப்பின் பொறுத்தருள்க.

2. என் தம்பிக்குப் பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை. அந்தக் குறை வாயில் ஈடு செய்யப்பட்டுள்ளது. அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னே இறங்க, அவனைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னே இறங்க, தினமும் பள்ளிக்குக் கிளம்புகிறோம். மாலையில் இதே ஊர்வலம் மேல்நோக்கி. தம்பி வளர்கிறான், படிகள் குறையவில்லை.

3. இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்துள்ளது. முன்பு அங்கே பழைய மரச்சாமான் கடை இருந்ததால், பீரோ நுழையும் அளவுக்கு வாசல் அகலம். பார்க்கப் போன அன்று தம்பி கூடத்தின் நடுவில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தி, எந்தச் சுவரிலும் இடிக்காமல் ஒரு முழு வட்டம் அடித்தான். பிறகு எதிர்ப்பக்கமாக ஒன்று. இப்போதைய வீட்டில் அவனுக்கு முன்னே, பின்னே என்ற இரண்டு திசைகள் மட்டுமே உண்டு. விற்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கிடங்குக்காகக் கேட்டு வந்த இன்னொருவரிடம் "இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க, அந்தப் பையன் வீட்டுக்குத்தான் முதல்ல" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு மேல் அவராலும் பொறுக்க முடியாது.

4. இந்நிலையில் அம்மா விண்ணப்பித்த கடன் தொடர்பாக, தங்கள் அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்ததால் தம்பி எடுத்தான். கைப்பேசியைக் காதோடு பிடித்துக்கொள்வது அவனுக்குச் சிரமம். எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவான். எனவே வீடு முழுவதும் கேட்டது. அலுவலர் கேட்டவையும் அவன் சொன்னவையும்:

"வீட்ல வண்டி இருக்காப்பா?"
"இருக்கு சார்."
"டூ வீலரா, ஃபோர் வீலரா?"
"ஃபோர் வீலர் சார்."
"யாரு ஓட்டுறது?"
"நான்தான் சார். மேடு வந்தா அக்கா தள்ளுவா."
"ஓ, பழைய வண்டியா? எங்க நிறுத்துவீங்க?"
"கட்டில் பக்கத்துல."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எங்கள் வீட்டில் நாற்காலியை யாரும் நாற்காலி என்று சொல்வதில்லை. 'வண்டி எங்க', 'வண்டிய துடைச்சியா', 'வண்டிக்குக் காத்து இறங்கிடுச்சு' – இப்படித்தான். வண்டி என்றால் உலகத்தாருக்கு வேறு பொருளும் உண்டு என்பது, அடுப்படியில் இருந்த அப்பாவுக்கோ, தலை பின்னிக்கொண்டிருந்த எனக்கோ, அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கட்டில் பக்கத்தில் கார் நிறுத்தும் குடும்பம் மூன்றாவது மாடியில் எப்படி வசிக்கும் என்பது அலுவலருக்கும் தோன்றவில்லை. ஆகவே தவறு இரு தரப்புக்கும் பொது. தண்டனை மட்டும் ஒரு தரப்புக்கு.

5. 'விண்ணப்பத்தில் தெரிவிக்கப்படாத நான்கு சக்கர வாகனம் உள்ளது' என்று பார்வை ஒன்றில் கண்ட கடிதம் வந்தது. அம்மாவும் நானும் கிளைக்குப் போனோம். கடன் பிரிவு அலுவலர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏம்மா, கார வச்சிக்கிட்டு மறைச்சிட்டீங்களே?" என்றார். அம்மா விளக்கினார். அலுவலர் சிரித்தார், பக்கத்து மேசையைக் கூப்பிட்டுச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன், விஷயம் அப்படி. ஆனால் சிரித்து முடித்தபின், "சிஸ்டத்துல ஏத்தியாச்சும்மா. இனி என் கையில இல்ல" என்றார்.

தங்கள் கடிதத்தில் வருமானம், அடமானம், பெறுமானம் என மூன்று மானங்கள் இருந்தன. நான்காவது ஒன்று என் தாயாருக்குக் கிளையில் நேரடியாக வழங்கப்பட்டது. அதற்கு ரசீது தரப்படவில்லை.

6. கார் விவகாரம் தீர்ந்தாலும் இன்னொன்று இருப்பதாக அதே அலுவலர் சொன்னார். "ஒத்தச் சம்பளம். அதுல பையன் வேற இப்படி. வீட்டுக்காரர் நல்லாத்தான இருக்காரு, ஏன் சும்மா இருக்காரு?"

அப்பா அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். தம்பிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்குக் கொடுத்ததும் அப்பா வாங்கியதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அதனால் அப்பா வேலையிலிருந்து நின்றார், அம்மா தொடர்ந்தார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் அப்பா 'இல்லத்தரசன்' என்று எழுதினார். கிளையில் அதை அடித்து 'வேலை இல்லை' என்று எழுதினார்கள். முடியாட்சி ஒரே கோட்டில் கவிழ்ந்தது.

தம்பிக்குக் கால் பயிற்சி கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூக்குவது, சமைப்பது, வண்டியின் முன்சக்கரத்தில் சிக்கும் என் தலைமுடியை இடுக்கியால் எடுப்பது, பள்ளியில் கழிப்பறைக்கு அழைத்துப்போக மதியம் ஒரு நடை போய் வருவது – இவற்றைச் செய்பவர் சும்மா இருப்பவர் என்றால், சும்மா இருப்பதைப் போல் கடினமான வேலை இந்த ஊரில் இல்லை. மேலும், கேட்டுள்ள கடனின் தவணை நாங்கள் இப்போது கொடுக்கும் வாடகையைவிடச் சற்றே அதிகம். அந்தச் 'சற்றை' அம்மா ஒரு வருடமாகத் தங்கள் வங்கியிலேயே தொடர் வைப்பில் மாதாமாதம் தவறாமல் கட்டி வருகிறார். முடியுமா என்று முதலில் தன்னையே சோதித்துக்கொண்டு, பிறகுதான் தங்களிடம் வந்தார்.

7. சென்ற மாதம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பாவின் கால் பிசகியது. தம்பியை விடவில்லை, சுவரில் மோதியது அப்பாவின் முதுகு. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தம்பிக்குப் பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. வயிற்றுவலி இந்த வீட்டில் என் துறை. அவன் செய்வதில் நேர்த்தியே இல்லை. வலிக்கும் இடம் நாளுக்கு நாள் மாறுகிறது. "டேய், எந்தப் பரீட்சைக்குடா இந்த நடிப்பு?" என்று கேட்டேன்.

"பரீட்சை இல்லக்கா. அப்பாவுக்கு முதுகு வலிக்குது. நான் மேலயே இருந்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லிடாத" என்றான்.

பள்ளி என்றால் உயிரை விடுபவன் அவன். இந்தப் பத்தியை அப்பாவுக்குக் காட்டவில்லை. அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். பிறகு ஒரு எழுத்தையும் அடிக்காமல் கொடுத்துவிட்டார்.

8. எனவே தாங்கள் அன்புகூர்ந்து,

அழைப்பின் பதிவைத் தாங்களே ஒருமுறை கேட்டு, காரைக் கோப்பிலிருந்து வெளியே தள்ளுமாறும் (தேவையெனில் தள்ள நான் வருகிறேன்; பழக்கம் உண்டு);

அப்பாவின் பெயருக்கு நேரே உள்ள 'வேலை இல்லை' என்பதை நீக்கி, 'மகனின் முழுநேரப் பராமரிப்பாளர்' என்று எழுதுமாறும்;

ஒற்றைச் சம்பளம் என்பதை மட்டும் பார்க்காமல், அந்தச் சம்பளம் ஒரு வருடமாக என்ன செய்து காட்டியிருக்கிறது என்பதையும் பார்த்து, தபால்காரரின் பொறுமை முடிவதற்குள், அதாவது இம்மாத இறுதிக்குள், மறுமுடிவு அளிக்குமாறும் வேண்டுகிறேன்.

நேரில் ஆய்வு செய்ய யாரையேனும் அனுப்புவதானால் மகிழ்ச்சி. வாகனம் கட்டிலருகே நிற்கும். ஓட்டுநர் உரிமம் இல்லை. ஹாரன் உண்டு, வாயால். வருகிற அலுவலர் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், அறிக்கையில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் அப்பாதான்.

மூன்று மானங்களையும் பார்த்துவிட்டோம், நான்காவதையும் வாங்கிக்கொண்டோம். தங்களிடம் கேட்பது ஐந்தாவதை மட்டும்: ஒரு நல்ல தீர்மானம்.

நாள்: மார்ச் 11
இடம்: மூன்றாவது மாடி (தங்கள் தீர்மானத்துக்கு உட்பட்டு)

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து,
மனுதாரர் (கையொப்பம்)

படித்துப் பார்த்தேன், சம்மதம்:
விண்ணப்பதாரர், மனுதாரரின் தாயார் (கையொப்பம்)

சாட்சி:
மேற்படி வாகனத்தின் ஓட்டுநர் (கையொப்பம். ஏழாம் பத்தியை மடித்து மறைத்துக் கையெழுத்து வாங்கப்பட்டது. கோணலாக இருப்பதற்குக் காரணம், எழுதும்போது நான் சிரிக்கவைத்தது.)