வருத்த மீன்

ஏப்ரல் 3

சீசன் சூடு பிடித்துவிட்டது. காலையிலேயே ஈரத் துண்டும் மணல் காலுமாக ஒரு பெரிய குடும்பம் வந்து, இருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்துப் போட்டுக் கடையை மாநாடு ஆக்கிவிட்டார்கள். தொப்பி வைத்த பெரியவர் ஒருத்தர், "மீன் புதுசுதானேம்மா?" என்று சந்தேகமாகக் கேட்டார். "மீன் புதுசுதாங்க. பொரிக்கிற ஆள்தான் பழசு," என்றேன். அடுப்படியிலிருந்து கரண்டியை ஓங்கித் தட்டும் சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் பேசுவதே அப்படித்தான்.

எதிர்ப்பக்கம் தங்கச்சி தன் ஜூஸ் கடையைத் திறந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கடை போர்டில் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. போன மாதம் வரைக்கும் அதே கைதான் என் கடை போர்டையும் எழுதியது.

ஏப்ரல் 4

என் கடையை விட்டு ஏன் போனாள்? தெருவுக்கே தெரியும், எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் என்ன வந்தது.

ஐஸ்காரர் தினமும் கட்டி இறக்க வருவார். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டி உட்கார்ந்திருந்தவள், அந்த வண்டிச் சத்தம் கேட்டால் தலையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். என் வாய் சும்மா இருக்குமா? கடை நிறைய ஆள் இருக்கும்போது, "என்னடி, கட்டி கரையறதுக்குள்ள உள்ள எடுத்து வைக்கிறதா, இல்ல நீங்க ரெண்டு பேரும் கரைஞ்ச பிறகா?" என்று கேட்டுவிட்டேன். மேஜைக்கு மேஜை ஒரே சிரிப்பு. ஐஸ்காரர்கூடத் தரையைப் பார்த்துச் சிரித்தார். அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரமே எதிரே காலியாகக் கிடந்த கடையைப் பிடித்துவிட்டாள்.

கிண்டல் செய்ததற்கு யாராவது கடை மாறுவார்களா?

மாறுவார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 6

யாரோ ஈர முதுகோடு போர்டில் சாய்ந்து, தங்கச்சி எழுதி வைத்திருந்ததைப் பாதி அழித்துவிட்டார்கள். சரி, நாலாம் வகுப்பு வரை படித்தது எதற்கு என்று சாக்பீஸை நானே எடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மத்தியானம் நாலைந்து பெண்பிள்ளைகள் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள், "ஆன்ட்டி, மீனுக்கு என்ன வருத்தம்?"

ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாததற்காக வாயை மூடிக்கொண்டால் அது நானா? "உங்க தட்டுக்கு வர்ற வரைக்கும் வருத்தம்தான். வந்துட்டா சரியாயிடும்," என்றேன். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்புறம் வீட்டுக்காரர்தான் சொன்னார். "வறுத்ததுன்னா பெரிய ற. நீ சின்ன ர போட்டிருக்க. வருத்த மீன்னா துக்கத்துல இருக்கிற மீன்." கரண்டியால் பேசுகிற மனுஷன் இவ்வளவு நீளமாகப் பேசியதே அதிசயம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மாலைக்குள் மீன் காலி. போர்டைத் தொடவில்லை.

ஏப்ரல் 7

ஐஸ் இறக்கிவிட்டு ஐஸ்காரர் போகாமல் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, பெரிய ற போடணுமாம்."

"யார் சொன்னது?"

"யாருமில்லக்கா."

"அந்த யாருமில்லைக்கு ஜூஸ் கடை இருக்கா தம்பி?"

மனுஷன் அவசரமாக வண்டியில் ஏறிவிட்டார்.

அவள் என் போர்டைப் படிக்கிறாள். படித்துவிட்டுத் தாங்க முடியாமல் ஆள் விட்டு அனுப்புகிறாள். சின்ன வயதில் என் சிலேட்டைப் பிடுங்கித் திருத்தியவள், என்னைவிட மூன்று வயது சின்னவள். எழுத்து தப்பாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு யோசனை வந்திருக்கிறது.

ஏப்ரல் 9

கோழி வறுவல் என்று எழுத வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கோலி வறுவல் என்று எழுதினேன். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பல்லுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள். "ஆகாதுங்க, எங்க கோலி ரொம்ப மெதுவா இருக்கும்."

எதிரே தங்கச்சி பழத்தைப் பாதி பிழிந்தபடி நின்றுவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டு ஓரம் வரை வந்தாள். வந்தவள் திரும்பிப் போய்விட்டாள்.

இன்னும் ரெண்டு தப்பு போட்டால் ரோட்டைத் தாண்டிவிடுவாள்.

ஏப்ரல் 12

நண்டுக்கு ரெண்டு சுழி போட்டேன். ஐஸ்காரர் வழியாக ஒரு வார்த்தை வந்தது: "மூணு."

அதோடு இன்று புதிதாகச் சாறும் போட்டேன். எலிமிச்சைச் சாறு என்று கடைசியில் ஒழுங்காக எழுதினேன். இந்த வெயிலில் ஒரு டம்ளர்கூடப் போகவில்லை. ஜனங்களுக்கு என்ன ஆயிற்று?

ஏப்ரல் 17

சீசன் முடிந்ததும் ஐஸ்காரருக்கு வேறு ஊர் ஐஸ் பேக்டரியில் வேலையாம். ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். அதற்கு முன்னால் ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்கிறார்களாம். மே 12. ஐஸ்காரர்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அக்காவைக் கூப்பிடலாமான்னு கேட்டேன். பதிலே சொல்லல அக்கா."

போறாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போறாளாம். அவ தலையை நான் பின்னி விட்டிருக்கேன். அவளுக்குக் காய்ச்சல்னா நான் தூங்காம கெடந்திருக்கேன். நான் இல்லாம ஒரு கல்யாணமா? நான் என்ன கொலையா பண்ணேன்?

வீட்டுக்காரர் எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு, "நீ போய்ப் பேசு," என்றார்.

"என்னன்னு பேச?"

"பேசறதுக்கு உனக்கு ஆளா வைக்கணும்?"

அதுதானே. ஊரையே பேசிச் சிரிக்க வைக்கிறேன். இந்தப் பத்தடி ரோட்டைத் தாண்டிப் போனால் என்ன பேசுவேன் என்று யோசித்தால் வேடிக்கையாகத்தான் எல்லாம் வருகிறது. வேடிக்கை இல்லாமல் ஒரு வாக்கியம்கூட என் வாயில் வரவே இல்லை.

ஏப்ரல் 19

வாயில் வராவிட்டால் என்ன, கை இருக்கிறதே.

வீட்டுக்காரர் மீன் எடுக்கப் போன நேரமாகப் பார்த்து போர்டை முழுக்கத் துடைத்தேன். அவர் பார்த்தால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். பெரிதாக எழுத ஆரம்பித்தேன்: தங்கச்சி, என்னை ம... அங்கேயே நின்றுவிட்டேன். இது ஒன்றிலாவது தப்பு இருக்கக் கூடாது. நல்லவேளை, ஐஸ் வண்டி வந்தது.

"தம்பி, மன்னிப்புக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

ஐஸ்கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். தண்ணீர் அவர் முதுகில் ஓடியது. "மன்னிப்பு பெரிய விஷயமாச்சே அக்கா. மூணே போடுங்க."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மூன்று சுழி போட்டேன். இன்று தங்கச்சி கடைக்கு லீவு, பழம் வாங்கப் போயிருக்கிறாள். காலையில் பார்ப்பாள்.

ஏப்ரல் 20

பார்த்தாள். நல்ல கூட்டம் இருக்கும் நேரத்தில் ஷட்டரை இழுத்து விட்டுப் போய்விட்டாள்.

ஐஸ்காரர் ஓடி வந்தார். "அழறாங்க அக்கா. 'இதையும் கிண்டல் பண்ணிட்டா, மன்னிப்பைக்கூட மண்ணுன்னு எழுதி வெச்சிருக்கா'ன்னு அழறாங்க. நான்தான் மூணு சுழி சொன்னேன்னு சொன்னா, எனக்கும் சேர்த்து விழுது."

வெளியே ரெண்டு பேர் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய் என் சேலைத் தலைப்பாலேயே துடைத்தேன். "ஏன் ஆன்ட்டி, நல்லா இருந்துச்சே?" என்றான் ஒருத்தன். தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

ஏப்ரல் 21

ரோட்டைத் தாண்டினேன்.

அவள் கடையில் ரெண்டு ஸ்டூல். ஒன்றில் உட்கார்ந்தேன். என் அகலத்துக்கு அது போதாது. அதை வைத்தே ஒரு வேடிக்கை நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கினேன்.

"என்ன வேணும்?" யாரோ வெளியூர்க்காரியைக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஏதாவது குடு."

தர்பூசணியை வெட்டினாள். நான் எதுவும் பேசாததால் அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தனை பேரும் சிரிச்சாங்க அக்கா. இத்தனை வருஷத்துல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். அதை எடுத்துத் தட்டுல போட்டு, ஊருக்கே பரிமாறிட்டே."

"ஆமா," என்றேன்.

அவள் இன்னும் ஏதோ வரும் என்று நின்றாள். என்னிடம் அவ்வளவுதான் இருந்தது. அப்புறம் மிச்சமும் வந்தது.

"தப்புடி. முந்தாநாள் போர்டுல எழுதினது நெஜமா எழுதினது. எனக்கு எத்தனை சுழின்னு தெரியல, உன் ஆளுக்கும் தெரியல. மொதநாள் மீனும் தெரியாமத்தான். நடுவுல எழுதினதெல்லாம் வேணும்னே. நீ திட்டறதுக்காவது வருவேன்னு பார்த்தேன்."

அவள் என்னை முறைத்தாள். "எல்லாமே வேணும்னேவா? கோலி?"

"வேணும்னேதான்."

"நண்டு?"

"அதுவும்."

"எலிமிச்சை?"

"அதுக்கென்ன?"

"அக்கா, எலி."

"எலிதானே? எலிமிச்சைன்னா எலிதானே வரும்?"

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் பரிமாறாத சிரிப்பு, அவளாகவே எடுத்துக்கொண்ட சிரிப்பு. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு. அங்க வந்து வாய் விட்டே, அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுருவேன்."

ஏப்ரல் 22

காலையில் வந்து பார்த்தால் போர்டு முழுக்க முத்து முத்தாக அவள் எழுத்து. எல்லாம் சரியாக இருக்கிறது. மீனை மட்டும் வருத்தத்தோடு விட்டுவிட்டாள். வியாபாரம் தெரிந்தவள்.

மே 12

கடைக்கு லீவு. வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். மாப்பிள்ளையோ வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார், கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. தங்கச்சி புதுச் சேலையில் வந்து இறங்கினாள், அப்போதும் சொல்லவில்லை. மாலையை மாப்பிள்ளை தலைகீழாகப் பிடித்தார், கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன். பதிவாளர் "பொண்ணுக்கு நீங்க யாரு?" என்றார். "அக்கா," என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

தங்கச்சியும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெதுவாகப் பக்கத்தில் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்லலையா? உடம்புக்கு என்ன?"

அப்புறம்தான் அடக்கி வைத்ததையெல்லாம் சொன்னேன். பதிவாளர் புரையேறிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. முதலில் சிரித்தவள் அவள்தான்.