புல்லைக் காப்பாற்றிய வருஷம்

ஏப்ரல் 11, சனி

பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். போன வாரத்தைவிடக் குறைவு. மைதானத்தின் வடக்கு ஓரத்தில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க நகராட்சிக்குப் பனி வாரும் வண்டி ஓட்டிவிட்டு, விடுமுறை நாளிலும் நானே மண்வெட்டி பிடிக்க வேண்டியிருந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு கால்பந்துக்காரன் வேடிக்கை பார்த்தான். "இது பதினஞ்சு பேர் ஆடுற ரக்பிதானே?" இல்லையப்பா, இது ரக்பி லீக், வேறு ஆட்டம், பதின்மூன்று பேர் என்றேன். "மீதி ரெண்டு பேரு லீவா?" என்றான். பதினான்கு வருஷமாக இதே கேலி.

ஆனால் இந்த வருஷம் வேறு. மே 30 அன்று இதே ஏரிக்கரை மைதானத்தில் செர்பியாவை ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதியின் கடைசிச் சுற்று. நார்வே அங்கே போனதே இல்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. அடுத்த முறை என்பது எனக்குக் கிடையாது.

ஏப்ரல் 16, வியாழன்

தேசிய அணிப் பயிற்சியாளர் ஓட்வார் காபிக்குக் கூப்பிட்டான். அவன் காசு கொடுத்து காபி வாங்கித் தருகிற ஆள் இல்லை.

"ஆஸ்திரேலியாலேர்ந்து எட்டுப் பேர் வர்றாங்க எஸ்கில். எல்லாரும் சம்பளத்துக்கு ஆடுறவங்க. தாத்தா பாட்டில ஒருத்தர் இங்க பொறந்திருந்தா போதும், நமக்கு ஆடலாம். சட்டமே அப்படித்தான்."

"ஒன்பதாம் நம்பருக்கும் ஆள் வருதா?"

ஒன்பது என் இடம். ஒவ்வொரு முறை ஆளைச் சாய்த்த பிறகும் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவன்.

"நீ கேப்டன்டா," என்றான். அது பதில் இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிட் ஒரு கம்பியைத் தரையில் குத்திக் காட்டினாள். மேலே சேறு, அடியில் இன்னும் உறைந்த மண். "இந்தப் புல்லு ஒரு ஆட்டம் தாங்கும். ரெண்டு தாங்காது. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

மே 9 அன்று இங்கே வடக்கே இருக்கும் செஞ்ஜா தீவுக் கிளப்போடு எங்கள் கிளப்புக்கு ஆட்டம் இருக்கிறது. பக்கத்துச் செயற்கைப் புல் மைதானம் சீசன் முழுக்கக் கால்பந்துக்காரர்களுடையது. செஞ்ஜாவில் ஜூன் வரை பனி. நார்வே ரக்பி லீக் சங்கம் கூடிப் பேசி செஞ்ஜா ஆட்டத்தைத் தள்ளிவைத்தது.

இந்த நாட்டில் மொத்தமே நாலு கிளப். நாலும் ஒன்றோடொன்று அந்த வருஷமே ஆடி முடித்தால்தான் ஐரோப்பியச் சங்கம் எங்களை முழு உறுப்பினராக வைத்திருக்கும். அதைச் சொன்னேன். "ஆகஸ்ட்ல ஆடிக்கலாம்பா. செர்பியா ஆகஸ்ட்ல வராது," என்றான் ஓட்வார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 27, திங்கள்

ஹால்வருக்கு நான்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. செஞ்ஜா கேப்டன். அவன் ஆட்கள் எல்லோரும் மீன்பிடிப்பவர்கள். காட் மீன் சீசன் முடிந்து அடுத்த மீனுக்குப் படகு போவதற்குள் கிடைக்கிற இடைவெளி மே மாதம் மட்டும்தான்.

"விமான டிக்கெட் எடுத்தாச்சுடா. மொத தடவையா இரவல் ஆள் இல்லாம பதிமூணு பேர் சேர்த்திருக்கேன். ஒவ்வொருத்தன் பொண்டாட்டி கால்லயும் விழாத குறை."

புல் தாங்காது என்றேன்.

வட நார்வேக்காரர்களுக்கே உரிய கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். "ஓ, புல்லுக்கு வலிக்குமா?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

மே 17, ஞாயிறு

தேசிய நாள். ஊரெல்லாம் கொடி. ஆஸ்திரேலியர்கள் வந்துவிட்டார்கள். எட்டுப் பேரையும் ஊர்வலத்தில் நடக்க வைத்தான் ஓட்வார்.

என் இடத்துக்கு வந்தவன் பெயர் கோரி திவைத். தாத்தா எந்த ஊர் என்று கேட்டேன். "ஏதோ கடலோரம்னு அப்பா சொல்வாரு," என்றான். ஐந்து ஹாட்டாக் தின்றான். என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் காட்டினான். பயிற்சியில் அவன் கையிலிருந்து பந்து போவதே தெரியவில்லை, அவ்வளவு வேகம். நல்லவனாகவும் இருக்கிறான். வெறுக்கவாவது ஒரு காரணம் கொடுத்திருக்கலாம்.

மே 28, வியாழன்

பெயர்கள் வாசித்தார்கள். பதினேழில் நான் இல்லை. மாற்று ஆளாகக்கூட இல்லை. எங்கள் கிளப்பிலிருந்து மூன்றே பேர்.

எதுக்குடா இதெல்லாம்? வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு ராத்திரியோட ராத்திரியா வண்டி ஓட்டி, ஊர் ஊரா போய், பள்ளிக்கூடப் பசங்களுக்குப் பந்து பிடிக்கக் கத்துக்கொடுத்து — யாருக்கு? சொல்லு, யாருக்கு?

துவா கதவருகே நின்றாள். "சாப்பிட வாயேன்," என்றாள். என் மனைவி வேறெதுவும் சொல்லாததற்கு நன்றி.

மே 29, வெள்ளி

நார்வேக்கு ஆடியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வரிசை எண் உண்டு. முதலில் ஆடியவன் ஒன்று. செத்தாலும் அது மாறாது, சட்டையில் நெஞ்சருகே சின்னதாகத் தைத்திருக்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் கேப்டன்தான் புதியவர்களுக்குச் சட்டை கொடுக்க வேண்டும்.

"நீயே குடுத்துடேன்," என்றான் ஓட்வார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொடுத்தேன். கோரி திவைத், நூற்று அறுபத்திரண்டு. முதுகில் ஒன்பது.

"உன் எண் என்ன?" என்று கேட்டான். முப்பத்தொன்று என்றேன்.

"அம்மாடி! அப்ப இதை ஆரம்பிச்சவங்கள்ல நீயும் ஒருத்தனா?"

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 30, சனி

ஜெயித்தோம். 34-18. புல் தாங்கியது.

ஆகஸ்ட் 15, சனி

செஞ்ஜா வரவில்லை. வருவார்கள் என்று நானும் நம்பவில்லை.

ஹால்வர் மட்டும் போன் எடுத்தான். "புல்லு எப்படி இருக்கு?" பாதிப் பேர் கடலில், மீதிப் பேருக்கு மனசு விட்டுப்போயிற்று என்றான். "ஒரு தடவைதான்டா கால்ல விழ முடியும்."

எங்கள் பக்கமும் அதே கதை. மே மாதம் தேசிய அணியில் ஒதுக்கப்பட்டவர்களில் நாலு பேர், பதினைந்து பேர் ஆடுகிற அந்த ரக்பிக்குப் போய்விட்டார்கள். அங்கே கேண்டீன் இருக்கிறது.

நவம்பர் 3, செவ்வாய்

வருஷத்தின் முதல் பனி வாரிக்கொண்டிருந்தேன். ஓட்வார் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

முழு உறுப்பினர் தகுதி போய்விட்டது. நாலாவது கிளப்பான செஞ்ஜா தன் ஆட்டங்களை முடிக்கவில்லை. முழு உறுப்பினர்கள்தான் கடைசிச் சுற்றுக்குப் போகலாம். எங்கள் இடத்தில் செர்பியா போகிறது.

"யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். நான் சொன்னேன் என்று அவனுக்கும் தெரியும். அவன் அழுதான். நான் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

நவம்பர் 5, வியாழன்

கோரியிடமிருந்து செய்தி. ரொம்ப வருத்தமாம். அம்மா வழித் தாத்தா அயர்லாந்தாம். அங்கே கேட்டுப் பார்க்கப் போகிறானாம்.

மே 8, சனி

பல மாதமாக எதுவும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை ஹால்வர் கூப்பிட்டான். போன வருஷ டிக்கெட்டை விமானக் கம்பெனி மாற்றித் தந்திருந்ததாம், இந்த மாதத்தோடு காலாவதி. "வீணாப் போகுது. வர்றோம்."

ஏழு பேர் வந்தார்கள். செஞ்ஜா கிளப்பில் மிச்சம் அவ்வளவுதான். எங்களில் மிச்சம் ஆறு. நான் எண்ணிப் பார்த்தது ஹால்வருக்குத் தெரிந்துவிட்டது. அவனும் எண்ணியிருந்தான்.

பெரிட் ஒன்றும் கேட்காமல் கோடெல்லாம் போட்டு வைத்திருந்தாள். ஓட்வார் விசிலோடு வந்து ஓரமாக நின்றான். நாங்கள் நடுக்கோட்டில் வரிசையாக நின்றோம். ஒரு அணி, முழுசாகப் பதின்மூன்று பேர். நான் ஒன்பதாம் நம்பர் இடத்தில். எதிர்ப் பாதி மைதானத்தில் ஒருவரும் இல்லை.

ஹால்வர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான்.

"புல்லு நல்லாத்தான்டா இருக்கு," என்றான்.