சுகுணாவைக் கேட்காமல் சொன்ன பதில்

என் செல்லமே சுகுணா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. விழுப்புரத்துக்கு வாழப்போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கீமோவுக்கு முந்தைய வாரம், நீ ஸ்கேன் அறைக்குள் இருந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இந்த மருந்தால் பிள்ளை உண்டாகாமலே போகலாம். வேண்டுமென்றால் முதலிலேயே கருமுட்டையை எடுத்துச் சென்னையில் பாதுகாத்து வைக்கலாம். இரண்டு வாரம் தள்ளினால் பயமில்லை என்றார். உன்னைக் கேட்டு வந்து சொல்லச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. மறுநாள் தனியாகப் போய், "அவ வேணாம்னுட்டா மேடம். ஜல்தியா ஆரம்பிச்சிடுங்க" என்றேன்.

அந்த இரண்டு வாரத்தில் உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்ததால்தான் உனக்கு ஒன்று இல்லாமல் போவது சின்ன விஷயமாகப் பட்டதோ?

முடி திரும்ப முளைத்தது, அதுவும் சுருட்டையாக. மாதவிலக்கு மட்டும் வரவில்லை. மாதாமாதம் போன் செய்து, வந்துவிடும் இல்லையா என்று கேட்பாய். வந்துவிடும் என்பேன். இரண்டு வருடம் பார்த்துவிட்டு உன் புருஷன் உன்னைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வண்டியை அணைக்கக்கூட இல்லை.

பிறகு நோய் முதுகெலும்புக்கு வந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் உனக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நீ பக்கத்துக் கட்டிலைக் காட்டினாய்.

"அந்தப் பொண்ண அவங்க டாக்டரு முன்னாடியே கேட்டாங்களாம்க்கா. என்னையும் ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்து வச்சிக்கினிருப்பேன். அந்தாளு உட்டுட்டுப் போனாலும், எனக்குன்னு ஒரு நெனப்பாவது இருந்திருக்கும்."

"சில டாக்டருங்க அப்படித்தான்டி" என்றேன். உன் காலைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

நீ இருக்கும்போதே அவன் கட்டிக்கொண்டவளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரம்மாவைத்தான் சபிக்கிறாள். "எம்பொண்ண ஒரு வார்த்த கேக்காமயே எல்லாத்தையும் முடிச்சிட்டா பாவி" என்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். நீ இருந்தால் என்னை மன்னித்திருப்பாய் என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். ஆமாம் என்று உனக்காக நான் சொல்ல மாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
மல்லிகா