கறி வாட்டாத தெரு

ஜூலை 6, ஞாயிறு

நான் ஊறப் போட்டுச் சுட்ட கறியை என் மருமகள் ஹெப்சிபா கொல்லையில் கொட்டினாள். முழுதாக வேகக்கூட இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன். இரண்டு நாள் போனால் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இந்த வீட்டில் ஆக்கிவிடுவார்கள்.

நடந்தது இது. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, புதிதாக வாங்கின கரண்ட் ஓவனைப் போட்டேன். மேல்கம்பி நன்றாகச் சிவந்த பிறகு தட்டை மேல் அடுக்கில் வைத்தேன். நேற்று சாயங்காலமே ஊறப் போட்ட கறி. ஒரு பக்கம் நிறம் மாறி, ஓரத்துக் கொழுப்பு பொரிய ஆரம்பித்த நேரம் அவள் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து சுவிட்சை அணைத்தாள். துணியால் தட்டைப் பிடித்துப் பின்கதவு வழியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கவிழ்த்தாள்.

“மாமா, இது இந்த வீட்ல வேண்டாம்.”

அவ்வளவுதான். குளிக்கப் போய்விட்டாள். தெருநாய்கள் வந்து கறி ஆறும்வரை காத்திருந்து தின்றன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 7, திங்கள்

மகன் ஜெயசுந்தர் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் “விடுங்கப்பா” என்றான். எதை விட?

மாட்டுக்கறி என்பதாலா? போன மாதம் இதே கறியைக் குழம்பு வைத்தபோது இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றவள் அவள். தெருவுக்குப் பயந்தா? தெருவில் பாதிப் பேர் தின்கிறவர்கள்தான். நர்ஸ் வேலையில் மேலே போகப்போக மாமனார் சமைப்பது கேவலமாகத் தெரிகிறதோ என்னவோ. கேட்டால் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 9, புதன்

சாப்பாடு தெருமுக்கு இட்லிக் கடையில். அவள் மன்னிப்புக் கேட்கட்டும், பார்க்கலாம்.

ஜூலை 12, சனி

மறுபடி கறி வாங்கிவிட்டேன். யாருக்காகவும் நிறுத்துவதாக இல்லை.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கடையில் அண்டர்கட் என்கிற மிருதுவான கறி தீர்ந்துபோயிருந்தது. முதுகுக் கறியை இரண்டு விரல் கனத்துக்குப் பலகை பலகையாக வெட்டச் சொன்னேன். “என்ன சார், செருப்புக்கா அளவு குடுக்கீக?” என்றான் கடைக்காரன். சிரிக்கட்டும். துண்டு துண்டாகக் கொத்தி விற்றுப் பழகினவன்.

வந்ததும் கல்உப்பைப் பொடித்துத் தடவினேன். அது உள்ளே இறங்கின பிறகு இடித்த மிளகு, பூண்டு, கொஞ்சம் வினிகர், கொஞ்சம் நல்லெண்ணெய். மூடி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. பப்பாளிக்காய் அரைப்பு நாளைக் காலையில் கடைசியாகத்தான். முன்பு குழம்புக்கு ஒரு தடவை அதையும் ராத்திரியே போட்டுக் கறி களியாகிப்போனது. இங்கே கிடைக்கிற மாடு உழைத்த மாடு, பப்பாளி இல்லாமல் பல்லுக்குள் வராது. சுடுவதற்கு முன்னால் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவக்காது, அவிந்து போகும்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் எட்டாம் வகுப்பு. ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் ஃபிட்டராகக் காலம் தள்ளினேன். மோட்டாருக்குக் காயில் கட்ட நானே படித்தேன். இங்கிலீஷ் நானே படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி பாக்கியமணி போய்ச் சேர்ந்து, மகன் வீட்டுக்கு வந்த பிறகு சமையலும் அப்படித்தான். போனில் வெள்ளைக்காரன் செய்வதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாக்கியமணி கறியைக் குக்கரில் போட்டு விசில் எண்ணுவாள், பாவம். இது வேறு. சூடு மேலிருந்து இறங்க வேண்டும். ஆலைச் சூளைப் பக்கம் வேலை பார்த்தவனுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

பப்பாளிக்காய்க்கு அடுத்த வீட்டு நாகையாவிடம் போனேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை அவருக்கு. பகலெல்லாம் தீக்குச்சியைத் தொட முடியாதவர், வீட்டு வாசலில் பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“கரண்ட்லயா கறி சுடுறீக? அங்கன மரத்துல எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்கோங்க அண்ணாச்சி. ஆனா கொளம்பு வச்சா எனக்கு ஒரு கிண்ணம் குடுங்க.”

சுட்டால் வேண்டாமா என்று கேட்டேன். எழுந்து துரட்டியை எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

அவளுக்கு இன்று பகல் டூட்டி. நான் கோயிலுக்குப் போகவில்லை. சுட்டேன்.

நன்றாகவே வந்தது. மேலே கரும்பழுப்பு, உள்ளே சிவப்பு. எடுத்ததும் வெட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டதால் சாறு தட்டில் ஓடவில்லை. இழைக்குக் குறுக்கே வெட்டினேன். ஜெயசுந்தர் வேண்டாம் என்று மோர்சோறு தின்றான். தனியாக உட்கார்ந்து பாதி தின்றேன். மீதி இறங்கவில்லை.

சாயங்காலம் ஹெப்சிபா கேட்டைத் திறந்தாள். ஓர் அடி உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஸ்கூட்டரைத் திருப்பி நாகையா வீட்டு வாசலில் நிறுத்தினாள். இன்று அங்கேதான் படுக்கையாம். ஜெயசுந்தர் அவளுக்குத் தலையணை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

என் வீட்டில் நான் என்ன கொலையா செய்தேன்?

ஜூலை 14, திங்கள்

காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் நாகையாவின் மனைவி அய்யம்மாள் வந்தாள். அவளும் அதே கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள். சாப்பாட்டுத் தூக்கு கையில். உட்காரவில்லை.

“ஒரு வார்த்தை சொல்றேன் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. இந்தத் தெருவுல எவளும் கறிய நெருப்புல வாட்ட மாட்டா. ஆட்டுத்தலை வாங்குனாக்கூடக் கடையிலயே வாட்டித் தரச் சொல்லித்தான் கொண்டாருவோம். நீங்க ஆலங்குளத்துக்காரக. ஒங்களுக்குத் தெரியாது.”

ஏன் என்றேன்.

“எங்கக்கா மக பானுப்பிரியா கம்பெனி ரூம் வெடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சு வந்தாள்ல. கொண்டாந்த அன்னிக்கு அவளப் பிடிச்சு ட்ரெஸ்ஸ வெட்டி எடுத்தது ஒங்க மருமகதான். நானும் நின்னேன். அந்த வாடை மூக்க விட்டுப் போகாது அண்ணாச்சி. கொளம்புல வராது, வறுவல்ல வராது. சுட்டா வந்துரும்.”

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

ஹெப்சிபா தீக்காய வார்டில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரிவது வேறு, சொல்லப்படுவது வேறு. நாகையா சொல்லவில்லை. மகன் சொல்லவில்லை. ஒரு தெரு முழுவதும் தெரிந்து வைத்துக்கொண்டு எனக்குப் பப்பாளிக்காய் பறித்துத் தருகிறது.

ஜூலை 16, புதன்

நேராகவே கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு மாமா சொல்லணும்? சோத்துக்கு உக்காரையில இதச் சொல்லணுமா?”

“கொட்டத் தெரிஞ்சுதுல்ல.”

“கொட்டத்தான் தெரிஞ்சுது. சொல்லத் தெரியல.”

அழவில்லை. அடுத்த துணியை எடுத்தாள். எனக்கு நினைவு வந்தது வேறு, இந்தக் கறி இல்லை.

பாக்கியமணிக்கு வந்தது புற்று என்று இவர்கள் இரண்டு பேருக்கும் சாவுக்கு நாலு மாசம் முன்னாலேயே தெரியும். எனக்கு அல்சர் என்று சொன்னார்கள். நான் அவளை, மாத்திரையை ஒழுங்காகத் தின்ன மாட்டேங்கிறே என்று ஏசிக்கொண்டிருந்தேன். கடைசி வாரம்தான் சொன்னார்கள். அப்பா தாங்க மாட்டார் என்று நினைத்தார்களாம். நான் தாங்குவேனா மாட்டேனா என்று முடிவு கட்ட இவர்கள் யார்? அன்று கேட்காததை இன்று கேட்டேன்.

“தப்புதான் மாமா. ஆனா நீங்க யாரு சொல்றதக் கேட்டிருக்கீக?”

மடித்த துணியில் என் வேட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஓவனைத் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்தேன். விற்க மாட்டேன். அவளிடம் இதை நான் சொல்லப்போவதும் இல்லை, அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

முற்பகலில் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. முதலில் ஒன்று, பிறகு வரிசையாக. தெருவில் வீட்டிலிருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்து வடக்கே பார்த்தார்கள்.  ஒவ்வொருத்தியும் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். எதிர்முனையில் குரல் கேட்டவள் நிம்மதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

ஹெப்சிபாவுக்கு இன்று லீவு. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். அப்படியே கொண்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

நாகையா போனை எடுக்கவில்லை. அய்யம்மாள் பேக்கிங் ஷெட்டில் இருந்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை. கலவை ரூம்தான் போய்விட்டது.

ஜூலை 23, புதன்

போனேன். நாகையா கிடக்கும் தீக்காய வார்டுக்குள் விட மாட்டார்கள். வராந்தாவில் நின்றேன். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்த வாடை வந்தது.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஹெப்சிபா போன் பண்ணினாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் எனக்கென்று போன் பண்ணினது இதுதான் முதல்.

“மாமா, நாகையா அண்ணே முழுங்குறாக. சத்து நெறையப் போகணும். காரம் இல்லாம, பல்லு படாம, கறியக் கரைச்சுக் குடுக்க முடியுமா?”

முடியும் என்றேன். கறியைப் பொடியாக நறுக்கினேன். பப்பாளி அரைப்பைப் போட்டு, இழை தளர்ந்ததும் கழுவி எடுத்தேன். வினிகர் இல்லை, மிளகு இல்லை. உப்பு பேருக்கு. குக்கரில் வைத்தேன், விசில் எண்ணினேன். மிக்ஸியில் அடித்து வடிகட்டித் தூக்கில் ஊற்றிக்கொண்டு போனேன். அவள் கதவருகே வந்து வாங்கிக்கொண்டாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். நாகையா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “அண்ணாச்சி கொளம்பு வச்சுட்டாகளா?” என்றாராம்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்தார்.

ஹெப்சிபா மத்தியானம் வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிடும்போதே சொல்ல ஆரம்பித்தாள். கட்டுப் பிரிக்கும்போது நாகையா வலியில் அவள் பெயரை மறந்து அய்யம்மாள் என்றே கூப்பிடுகிறாராம். அவளும் அதற்கே பதில் சொல்கிறாளாம். பக்கத்துக் கட்டில் ஆள் நேற்றுப் போய்விட்டாராம், அதை நாகையாவிடம் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். சோறு ஆறிப்போனது. நான் குறுக்கே எதுவும் பேசவில்லை. பேச வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கு இது லேசான காரியமில்லை.

ஜூலை 31, வியாழன்

நாகையாவுக்குக் காய்ச்சல். தூக்கு மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் நாகையாவுக்காக ஜெபம் பண்ணினார்கள். நான் வெளியே வந்தபோது ஹெப்சிபா யூனிபாரமோடு கேட்டருகே நின்றாள். ஸ்கூட்டரை அணைக்கவில்லை.

“மாமா, ஒங்ககிட்ட மொதல்ல சொல்றேன். ரத்தத்துல சீழ் ஏறிருச்சு. கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு. நாளைக்குத் தாண்டாது.”

அய்யம்மாளுக்குத் தெரியுமா என்றேன். டாக்டர் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவளும் வராந்தாவில் உட்கார்ந்து இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். அடுத்த மாசம் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகப்போகிறாளாம்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் பேசினோம். நாகையாவின் மகன் புகழேந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன வாரம்தான் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். அவனிடம் அப்பாவுக்குக் கொஞ்சம் சரியில்லை, வந்துட்டுப் போ என்று மட்டும் சொல்லலாம் என்றான் ஜெயசுந்தர். அய்யம்மாளிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள் என்றான். அதே வார்த்தை. நான் சத்தம் போடவில்லை. கூடாது என்றேன். ஹெப்சிபா அவனைப் பார்த்து, “மாமா சொல்றபடி செய்ங்க” என்றாள்.

ஆக, செய்ய வேண்டியவை.

ஜெயசுந்தர் – புகழேந்திக்கு இப்போதே போன் போட வேண்டும். நிலைமை என்ன என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பைக்கில் தனியாகக் கிளம்பக் கூடாது, யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் வரச் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் – ஓர் ஆளாவது வார்டுக்கு வந்து அய்யம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்றுவரை யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அய்யம்மாளின் அக்கா மகள் பானுப்பிரியா – நாகையா வீட்டைத் திறந்து பெருக்கி, தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஆட்கள் வருவார்கள்.

ஹெப்சிபா – டூட்டி டாக்டரிடம் பேசி அய்யம்மாளைக் கட்டில் பக்கத்தில் உட்கார விட வேண்டும், வாசலில் இல்லை. நான் பேசும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் – அய்யம்மாளிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவளை ஒரு வாய் காபியாவது குடிக்க வைக்க வேண்டும். உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. கேட்கிற எல்லாவற்றுக்கும், எனக்குத் தெரிந்தவரை, பதில் சொல்ல வேண்டும்.