அப்பாவின் கையும் தொரை வீடும்

3 மார்ச் 1976, புதன்

காகிதம் தட்டுப்பாடான நேரத்தில் இதை எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பொதி சுற்றுவதற்கென்று அப்பா கடையில் போட்டு வைத்திருந்த டயறி இது. கேட்காமல் எடுத்தேன். பட்டம் வாங்கிவிட்டு ஒன்றரை வருடமாகப் பதுளையில் வீட்டோடு இருக்கிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததற்கு வாயால் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இங்கே.

அக்காவைக் கட்டிய சுந்தரலிங்கம் அத்தான் சொன்னார்: "மாமா, கோளாறு வண்டியில இல்ல. ஒங்க கையில. வயசாச்சு, ஒத்துக்குங்க."

அப்பா சோற்றில் வைத்த கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி என்றால் எங்கள் 'தொரை வீடு'. அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை, போன வருடம் அரசாங்கம் தோட்டங்களை எடுத்ததும் ஊருக்குக் கப்பலேறும்போது விற்ற பழைய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தகரத் தொட்டி, தள்ளினால் எழும்பும் கூரை. சம்பள நாட்களில் அப்பா அதில் துணியும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவார். இருட்டினால் அங்கேயே சமைத்து அதிலேயே படுப்பார். ஒரு மாதமாக ஸ்டீயரிங் ஆடுகிறது. திருப்பினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரேயடியாக இழுக்கும். போன கிழமை அப்புத்தளை வளைவொன்றில் முன் சில்லு விளிம்புக் கல்லைத் தொட்டுவிட்டது. அப்பா அங்கேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தார். வண்டியைப் பிறகு மெக்கானிக் வாஹித் நாநா போய் ஊர்ந்து ஊர்ந்து கடை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

அவர் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தும் கோளாறு அகப்படவில்லை. அத்தான் பண்டாரவளையில் பழைய இரும்பு வாங்கும் ஆளிடம் பேசிவிட்டார். பதினான்காம் திகதி ஞாயிறு வருகிறாராம்.

4 மார்ச்

அப்பா இன்றைக்குத் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நேற்றுவரை ஒரு கைதான்.

6 மார்ச், சனி

பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து அப்பாவின் கையையே பார்த்தேன். சீத்தைத் துணியில் கத்திரிக்கோல் கோடு போட்ட மாதிரிப் போகிறது. பொத்தான் தைக்கிற ஊசியில் கண்ணாடி போடாமல் நூல் கோர்க்கிறார். இதுவா ஆடுகிற கை? அத்தானுக்குக் கண் எங்கே இருக்குது? அப்பா வண்டி ஓட்டுறதை நிறுத்தினா அந்த எஞ்சின் அத்தானோட லொறிக்குத்தான் போகும்னு எனக்குத் தெரியாதா?

அப்பாவுக்கு அந்த வண்டி கடை மட்டுமில்லை. மலைக்குப் போய் வந்த மறுநாள்தான் அவர் சிரித்துப் பேசுவார். அதை இரும்பு விலைக்குக் கொடுக்கிறதா? விடமாட்டேன்.

கோளாறு வண்டியில்தான். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு நாள் இருக்கிறது.

7 மார்ச்

அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாஹித் நாநாவின் கராஜுக்குப் போனேன். கேட்க வேண்டியதை அம்மாவின் காதில் சொன்னேன், அம்மா அவரிடம் கேட்டாள்.

"முன்பக்கத்த ஜக்குல தூக்கி, ரெண்டு சில்லயும் புடிச்சு ஆட்டிப் பாத்த தானே அக்கா. ஒண்டும் இல்ல. மொத தடவயே ஸ்டீயரிங் பெட்டிக்குள்ள ஸ்குரூவக் கொஞ்சம் இறுக்கியும் விட்ட."

இறுக்கிய பிறகு ஸ்டீயரிங் வளைவில் திரும்பிய இடத்திலேயே நின்றுகொள்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆட்டம் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் பெட்டிக்குள் இல்லை. ரோட்டில் தெரிகிறது, தூக்கினால் மறைகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தூக்கினால் சில்லு சும்மா சுழலும். தரையில் இருந்தால் அது எதிர்த்து நிற்கும்.

"தரையில வச்சுப் பாக்கணும்," என்றேன். அவரிடம் நேராக நான் பேசிய முதல் வார்த்தை.

"தரையில வச்சா சில்லு அசையாதே தங்கச்சி."

"அதுக்குத்தான்."

சிரித்தார். "எங்கட கராஜ் சாமானெல்லாம் ஒங்களுக்குத்தான். படுத்துப் பாருங்க."

8 மார்ச், திங்கள்

படுத்தேன்.

கடை வாசலில், பட்டப்பகலில், அப்பாவின் பழைய காற்சட்டையைப் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு, சாக்கு விரித்து வண்டிக்கடியில். அம்மா மேலே ஓட்டுநர் இருக்கையில். எதிர்ப்பக்கக் கடைகளில் வேலை நின்றுவிட்டது. என் முகம் யாருக்கும் தெரியவில்லை என்ற ஒரே தைரியம்.

"இடம், வலம், கொஞ்சமா ஆட்டுங்கம்மா. நிறுத்தாதீங்க."

"ஆட்டுறேன்டி. பாக்கிறவன், இந்த விசாலாட்சி மொனராகலைக்கு ஓட்டிப் போறாள்னுதான் சொல்லப்போறான்."

ஸ்டீயரிங் தண்டில் கை வைத்தேன்: உடனே திரும்புகிறது. சில்லுக்குப் போகும் கம்பி: அசையவேயில்லை. இரண்டுக்கும் நடுவே ஸ்டீயரிங் பெட்டி. கையை அதன்மேல் வைத்தேன். அம்மா ஆட்ட ஆட்ட, பெட்டி முழுதாக மேலேயும் கீழேயும் நெளிந்தது. அசையவே கூடாத பெட்டி. மசகைத் துணியால் துடைத்தேன். அது பூட்டியிருந்த அடிச்சட்ட இரும்பில் ஒரு வெடிப்பு. போல்ட் ஓட்டைகள் உரசி உரசி முட்டை வடிவமாகியிருந்தன.

அழுதேனா, சிரித்தேனா, தெரியவில்லை. அம்மா பயந்துபோய், "என்னடி, கை நசுங்கிருச்சா?"

"அப்பா கையில ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல."

வாஹித் நாநா வந்து அதே சாக்கில் படுத்தார். வெடிப்பின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, "நான் தூக்கித் தூக்கி வெடிப்ப மூடிட்டு இருந்த," என்றார். எழும்பி அப்பாவிடம் கேட்டார்: "முதலாளி, தோட்டத்துல வண்டிய எப்பிடி நிப்பாட்டுறீங்க?"

"எல்லாரும் நிப்பாட்டுற மாதிரித்தான். பிரேக்க நம்ப முடியுமா? முன் சில்லத் திருப்பி மண்மேட்டுல முட்ட வச்சிருவேன்."

"முட்ட வச்சிட்டு?"

"யாவாரம் பாப்பேன். நாள் முழுக்க சனம் ஏறும், எறங்கும்."

சொல்லிக்கொண்டு வரும்போதே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மேட்டில் முட்டிய சில்லு, ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் அந்தப் பெட்டியை உதைத்திருக்கிறது.

"அப்ப கோளாறு என் கையிலதான்," என்றார். ஆனால் சிரித்தார்.

10 மார்ச்

சம்பள நாள். அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. அத்தான், "வெடிச்ச இரும்ப ஒட்டி எத்தன நாளைக்கு ஓட்டுவீங்க? பொம்பளப் புள்ளையத் தெருவுல படுக்க வச்சதுதான் மிச்சம்," என்றார். கதவுக்குப் பின்னால் நிற்காமல் கூடத்தில் வந்து நின்றேன்.  அவர் எழும்பும் வரை நகரவில்லை.

12 மார்ச்

பெட்டியைக் கழற்றி, வெடிப்பின் இரு முனையிலும் துளை போட்டு, வெல்டிங் வைத்து, மேலே தடித்த தகடு. புது ஓட்டை, புது போல்ட். இறுக்கிய ஸ்குரூவை வாஹித் நாநா பழையபடி தளர்த்திவிட்டார். அம்மா மறுபடி ஆட்டினாள், நான் மறுபடி படுத்தேன். பெட்டி பாறை மாதிரி.

14 மார்ச், ஞாயிறு

காலையில் வாஹித் நாநா ஓட்டிப் பார்க்கக் கை நீட்டினார். சாவி அப்பாவிடம். "நானே," என்றார். நான் பக்கத்தில். அப்புத்தளை வரை பனிமூட்டம். அந்த வளைவு வந்தபோது அப்பாவின் கையையே பார்த்தேன். திருப்பினார், திரும்பியது. விட்டார், தானாக நேராகியது. பெரகல வரை இறங்கி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அப்பா ஒரு கையால் குடித்தார்.

பண்டாரவளை ஆள் அத்தானோடு காத்திருந்தார்.

"விக்கிறதா யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு அப்பா கடைக்குள் போய்விட்டார்.

10 ஏப்ரல், மொனராகலைப் பக்கம்

வண்டியின் மடிப்பு மேசையில் எழுதுகிறேன். றப்பர்த் தோட்டமொன்றில் காலையிலிருந்து பெண்கள் ஏறி இறங்கினார்கள். அப்பா வெளியே, உள்ளே அளந்து கொடுத்தது நான். சில்லுகள் நேராக நிற்கின்றன, நாலுக்கும் கீழே கல் வைத்திருக்கிறோம். விலை சொல்லக் குரல் வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

ஒரு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததையும் இன்று சொல்லிவிட்டேன். அப்பா கல்லை எடுத்துப் போட்டுவிட்டுச் சாவியோடு நின்றார். முன்னே ரோடு நேராக, வெறுமையாகக் கிடந்தது.

"அப்பா, அடுத்த ஏத்தம் வர்ற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. எனக்கு ஓட்டப் பழக்குங்க."