முக்கால் மணி நேரத் தூரம்

மார்ச் 4, செவ்வாய்

காலை விமானம் கிளம்பியதும், என் கவுன்டரிலிருந்து அது போய் இறங்கும் நிலையத்துக்கு வழக்கம்போல் போன் செய்தேன். "கிளம்பியாச்சு."

"அது வரும். நீங்க எப்ப வரப்போறீங்க?" என்றார், அந்தப் பக்கத்துக் கவுன்டர்க்காரர்.

பல வருஷமாகக் குரல் பழக்கம். போன வருஷம் பயிற்சி வகுப்பில்தான் முகம் பார்த்தோம். மனைவியை இழந்தவர். எனக்கு ஐம்பத்தொன்று, இன்னும் கல்யாணம் ஆகாதவள். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டதிலிருந்து மழுப்பிக்கொண்டே இருந்தேன்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியிடம் சொன்னேன். இத்தனை வருஷமும் அவன் குடும்பத்தோடுதான் இருக்கிறேன்.

"அவ்ளோ தூரத்துலயா?"

வயசைச் சொல்வான் என்று பார்த்தால் தூரத்தைச் சொல்கிறான்!

"நேரா பறந்தா இருநூறு கிலோமீட்டர். முக்கால் மணி நேரம்டா."

"ரோட்ல போனா ராத்திரி முழுக்க மலை சுத்தணும். பசங்கள யாரு பாத்துப்பா?"

ஓகோ. சாயம் வெளுத்தது.

தம்பி மனைவி சமையலறையிலிருந்தே, "ஊர் சிரிக்கும்க்கா" என்றாள். சிரிக்கட்டுமே. ஊரை அழவைக்கவா போகிறேன்?

மார்ச் 10

அவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சோறு மட்டும் இரண்டு பேருக்கும் இறங்குகிறது.

மார்ச் 23, ஞாயிறு

அவர் ஊர் நிலையத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. "போனா இந்த வாசப்படி மிதிக்காத" என்கிறான் தம்பி.

இவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ எல்லாம் தூங்காம உக்காந்திருந்தது யாரு? இவன் பொண்ணுங்களுக்கு ஜடை பின்னிவிடுறது யாரு? மிதிக்காதயாம் — போடா.

ஏப்ரல் 11, வெள்ளி

பனிமூட்டம். விமானம் ரத்து. எத்தனையோ பேரிடம் "மன்னிக்கணும்" என்று சொன்ன கவுன்டர். இன்று நானே அதன் எதிரே பெட்டியோடு நின்றேன்.

தம்பி போன் செய்தான், குரலில் அத்தனை குஷி. "பாத்தியா? தெய்வமே தடுக்குது."

"தெய்வம் பனியத்தான் அனுப்பிச்சு. பஸ்ஸ நிறுத்தலையே?"

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

வளைவுக்கு வளைவு வாந்தி. தலை கலைந்து, சேலை கசங்கி, பேய் மாதிரி இறங்கினேன். அவர் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்து விமானத்துலயே வந்திருக்கலாமே?"

"நாளைக்கு நாளைக்குன்னுதான் ஐம்பத்தொன்னு ஆச்சு."

ஏப்ரல் 16, புதன்

பதிவு அலுவலகம். சாட்சிகள் எல்லாம் அவர் பக்கத்து ஆட்கள். என் பக்கம் யாருமில்லை. கண் கலங்கியது, பொய் சொல்வானேன். கையெழுத்தை மட்டும் அழுத்திப் போட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை விமானத்திலிருந்து இறங்கியவர்களில் — தம்பி மனைவி! முகம் வெளிறி, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி.

"அவருக்குத் தெரியாதுக்கா. உங்கள பாக்கணும்போல இருந்துச்சு. மத்தியான விமானத்துல திரும்பிடுவேன்."

அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன். இவருக்கு இன்று விடுமுறை, சமைத்து வைத்திருந்தார். எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பரிமாறினார். அவள் தட்டில் கை வைக்காமல், பரிமாறுகிற இவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்து, "டிக்கெட்ட நாளைக்கு மாத்த முடியுமாக்கா?" என்றாள்.

"முடியும். அவன் கத்துவானே?"

அவள் இடது கையால் போனை எடுத்து அவனை அழைத்தாள். "நான் அக்கா வீட்ல இருக்கேன். நாளைக்குத்தான் வருவேன்."

அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இவரிடம் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்காண்ணா?"